மாநாட்டுக்கு ஊர் பார்த்த கதை

எந்த ஊரில் மாநாடு வைக்கலாம் என்று கேட்டால் இப்போது கைபேசியே பதில் சொல்லிவிடுகிறது. எத்தனை பேர், எந்த மாதம், எவ்வளவு செலவு என்று தட்டினால் ஊர்களை வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். எங்கள் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது அப்படி ஒரு வரிசையைக் காட்டினார்கள். பிழை சொல்ல முடியாத வரிசைதான். "நீங்கல்லாம் இது இல்லாம எப்படி சார் ஊரைப் பிடிச்சீங்க?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள். பயணத் தொழில்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அதையே எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டும் போனார்கள்.

நான் எந்த ஊரையும் பிடிக்கவில்லை. பிடித்தவர் ஜெசிந்தா மேடம். பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நன்னிலம் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் போட்ட குடும்பம் எங்களுடையது. பட்டம் வாங்கியதும் தஞ்சாவூர் ரயிலடியில் இருந்த ஒரு பயண ஏஜென்சியில் சேர்ந்தேன். முதலில் ரயில் டிக்கெட். பிறகு வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு விமான டிக்கெட், பாஸ்போர்ட், விசா. எத்தனையோ பேரைத் திருச்சி விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன். நான் விமானம் ஏறப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் கம்பெனிகளுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. நன்றாக விற்றுக் கொடுத்த டீலர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போய் அங்கே மாநாடு நடத்துவது. நம் பக்கத்து உரக்கடைக்காரரும் விதைக்கடைக்காரரும் முதலில் கொழும்பு போனார்கள், பிறகு பாங்காக், பிறகு துபாய். எங்கள் அலுவலகம் அந்த வேலையில்தான் பெயர் வாங்கியது. பெயர் வாங்கித் தந்தவர் மேடம்.

அலுவலகம் அவருடையது. கணவர் ஆரம்பித்தது, அவர் போன பிறகு மேடம் கையில் வந்தது. நூல் புடவை, கணுக்கால் தெரியாத அளவுக்குக் கொசுவம், கீழே விளையாட்டு வீரர்கள் போடுகிற மாதிரி ஒரு ஷூ. அதிகம் பேச மாட்டார். யாரையும் முகத்துக்கு நேரே புகழ்ந்ததில்லை, திட்டியதும் இல்லை. அவர் "சரி" என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. சட்டென்று முடிகிற "சரி" என்றால் சம்மதம். கொஞ்சம் இழுத்தால், போய் மறுபடியும் செய்துகொண்டு வா என்று அர்த்தம். இந்த இரண்டையும் பிரித்தறிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஊர் பார்க்கிற விஷயத்தில் அவருடைய முறையே வேறு. மற்ற ஏஜென்சிகள், அந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். மேடம் ஆரம்பிக்கிற கேள்வி: "வர்றவங்கள்ல யாருக்கு ரொம்பக் கஷ்டம்?" நாற்பது பேர் வருகிறார்கள் என்றால் அந்த நாற்பதில் யாருக்கு முட்டி வலி, யாருக்குச் சர்க்கரை, யார் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர், யார் முதல்முறை விமானம் ஏறுகிறவர் என்று ஒவ்வொருவரையும் நான் போனில் பேசித் தெரிந்துகொண்டு வந்து சொல்ல வேண்டும். அதில் எல்லோரையும்விடச் சிரமப்படுகிறவர் எவரோ, அவரை மனதில் வைத்துக்கொண்டுதான் ஊரைப் பார்ப்பார். அந்த ஒருவருக்குச் சரிப்பட்டால் மற்றவர்களுக்குத் தானாகச் சரிப்படும் என்பது அவர் கணக்கு.

ஹோட்டலைப் பார்க்கப் போனால் வரவேற்பறையின் சரவிளக்கை நிமிர்ந்து பார்க்க மாட்டார். நேராக அறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, வெந்நீர் வர எவ்வளவு நேரமாகிறது என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பார். கட்டிலில் உட்கார்ந்து எழுந்து, உயரம் சரிதானா என்று பார்ப்பார். அறையிலிருந்து மாநாட்டுக் கூடத்துக்கு ஒரு கிழவரின் நடையில் நடப்பார். சமையலறைக்குப் போய், வெறும் சாதமும் ஒரு ரசமும் வைத்துக் காட்டச் சொல்வார். ரசம் வைக்கத் தெரிந்தவன் மற்றதைச் சமாளித்துக்கொள்வான் என்பார். அதற்குப் பிறகுதான் வெளியே வந்து ஊரைப் பார்ப்பார். அதுவும் சாலையைத்தான் பார்ப்பார்.

இனி ஐரோப்பாவுக்கு வருகிறேன்.

தண்ணீர் பம்பும் நாற்று நடுகிற இயந்திரமும் செய்கிற ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். அதன் மண்டல மேலாளர் சந்திரமோகன் நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். இந்தத் தடவை ஐரோப்பாவில் ஒரு தலைநகரம்தான் என்று டீலர்களிடம் சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார். லிஸ்பன், பிராக், வியன்னா என்று மூன்று பெயர். அவருடைய மனம் பிராகில் இருந்தது. போட்டிக் கம்பெனி ஒன்று அங்கே போய் வந்து படங்களை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தது. நம் டீலர்களும் பார்த்திருந்தார்கள்.

தேதியில் பிரச்சினை இல்லை. சம்பா அறுவடை முடிந்திருக்க வேண்டும், குறுவைக்கு நாற்றங்கால் போடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். டீலர் கடையை விட்டு வரக்கூடியது அந்த இடைவெளியில்தான். ஆகவே சித்திரை. ஐரோப்பாவின் பருவத்தைப் பார்த்து யாரும் நாள் குறிக்கவில்லை. மேட்டூரைப் பார்த்துக் குறித்தோம்.

மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சந்திரமோகன் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார். இந்த வருடம் விற்பனையில் முதலிடம் கீழ்வேளூர் மாரியம்மாளுக்கு. மேடையில் விருது வாங்க வேண்டியவர் அவர்தான். சிறு வயதில் போலியோ; ஒரு பக்கம் ஊன்றுகோல் வைத்து நடக்கிறவர். அவ்வளவு தூரம் அலைவது சிரமம் என்பதால் அவருக்குப் பதிலாக அவருடைய அண்ணன் மகனை அனுப்பச் சொல்லலாம் என்று கம்பெனியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று மேடம் கேட்டார்.

"இன்னும் அவங்ககிட்ட கேக்கல மேடம்."

மேடம் "சரி" என்றார். இழுத்த சரி.

அன்றே என்னைப் பேசச் சொன்னார். மாரியம்மாள் போனில் சுருக்கமாகப் பேசினார். வருகிறேன் என்றார். கொஞ்ச நேரம் நடந்தால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், தூரமென்றால் சக்கர நாற்காலி வேண்டும், படி ஏறுவேன், ஆனால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்க வேண்டும் என்றார். பம்புக்கு என்ன குதிரைத்திறன் வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். குரலில் சங்கடமும் இல்லை, குறையும் இல்லை.

லிஸ்பனை மேடம் தஞ்சாவூரிலேயே தள்ளிவிட்டார். அது மேடும் பள்ளமுமான ஊர். மற்ற இரண்டையும் நேரில் பார்த்துவிடுவது என்று நானும் அவரும் கிளம்பினோம்.

பிராகில் இறங்கிய மறுநாள் காலை, மேடம் ஒரு மருந்துக் கடையில் சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். மேடம் அதில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "தள்ளுங்க மதி" என்றார்.

என் முதலாளியை நான் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பிராக் அழகான ஊர். அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆற்றுக்கு மேலே கோட்டை நிற்பதைப் பார்த்தபோது என் கால்கள் தாமாக நின்றுவிட்டன. ஆனால் பழைய நகரத்தின் தெருக்கள் எல்லாம் சிறு சிறு கருங்கற்கள் பதித்தவை. நாற்காலியின் முன்சக்கரம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பின்னால் சாய்த்து, தூக்கி, விடுவித்துத் தள்ள வேண்டும். மேடத்தின் பற்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. கம்பெனி ஆசைப்பட்ட கூடம் ஒரு பழைய மாளிகையில் இருந்தது. வாசலில் கற்படிகள், உள்ளே இன்னும் படிகள். அங்கிருந்தவர்கள் மிகவும் மரியாதையானவர்கள். பலசாலிகள் நான்கு பேரை நிறுத்தி, உங்கள் விருந்தாளியை ராணி மாதிரி தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள்.

மேடம் நன்றி சொன்னார். வெளியே வந்த பிறகு என்னிடம், "பரிசு வாங்கப் போறவங்களைத் தூக்கிட்டுப் போனா, அங்க வந்தவங்க எல்லாரும் பரிசைப் பாப்பாங்களா, தூக்கிட்டுப் போறதைப் பாப்பாங்களா?" என்றார்.

அன்று மதியம் ஓர் உணவகத்தில் இன்னொன்றும் நடந்தது. பரிமாற வந்த இளைஞன் குனிந்து என்னைப் பார்த்து, இவங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். மேடம் சக்கர நாற்காலியில் எதிரில்தான் இருக்கிறார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். சாப்பாடு வந்ததும் பாதியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். 

பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயில். அங்கேயும் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்தோம். அந்த ஊரில் டிராம் வண்டியின் தரை, நிறுத்தத்தின் மேடையோடு கிட்டத்தட்ட ஒரே மட்டமாக இருக்கிறது. நாற்காலி உருண்டு உள்ளே போய்விட்டது. நான் நிமிர்ந்து மூச்சு விடுவதற்குள் கதவு சாத்தியாயிற்று. படி வைத்த பழைய வண்டிகளும் சில ஓடின. ஆனால் அடுத்து வருவது எந்த வகை என்று நிறுத்தத்துப் பலகையிலேயே ஒரு குறி காட்டிவிடுகிறது. மேடம் அதை இரண்டு மூன்று நிறுத்தங்களில் சரிபார்த்தார். சுரங்க ரயிலுக்கு லிஃப்ட். ஆற்றுப் படகுக்குச் சாய்வுப் பலகை. மலையாள நர்சுகள் நிறையப் பேர் குடியேறிய ஊர் என்பதால் கேரளச் சமையல்காரர் ஒருவரும் கிடைத்தார். அவர் வைத்த ரசத்தை மேடம் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்.

எல்லாம் பொருந்தியும் ஹோட்டல் பொருந்தவில்லை. பெயர் பெற்ற ஹோட்டல்தான். முன்வாசலில் பளிங்குப் படிகள். சாய்தளம் எங்கே என்று கேட்டதற்குப் பின்பக்கம் அழைத்துப் போனார்கள். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சமையலறை வழியாக உள்ளே வர வேண்டும். தரை சுத்தமாகத்தான் இருந்தது. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முன்வாசல் வழியாக எல்லோரும் எப்படிப் போகிறார்களோ அப்படியே போகிற ஹோட்டல் வேண்டும் என்று சொல்லி, இன்னும் இரண்டு நாள் தேடினார். சற்றுத் தள்ளி, புதிதாகக் கட்டிய ஒன்று கிடைத்தது. சரவிளக்கு கிடையாது. வாசலும் தெருவும் ஒரே மட்டம்.

தஞ்சாவூர் திரும்பியதும் சந்திரமோகனிடம் வியன்னா என்றோம். அவருக்கு ஏமாற்றம். டீலர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, பிராகில்தான் படம் நன்றாக வரும், ஒருவருக்காக ஊரையே மாற்றினால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள் என்றார். எங்கள் அலுவலகத்துக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது. போனால் அந்த வருடமே தள்ளாடிவிடும். அது மேடத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் குரலை உயர்த்தவில்லை.

"மேடைக்கு முதல்ல கூப்பிடுறவங்க தானா ஏறிப் போகணும் சார். அதுக்குத் தோதான ஊரைத்தான் என்னால செய்ய முடியும். பிராக்தான்னா வேற நல்ல ஏஜென்சி நானே சொல்றேன்."

சந்திரமோகன் யோசித்துச் சொல்வதாகப் போனார். மறுநாள் அவரிடமிருந்து வந்த செய்தியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மாரியம்மாளிடம் அவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கேட்டதும், அப்படியானால் நான் வரவில்லை, எல்லோரையும் பிராகுக்கே அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

மேடம் காரை எடுக்கச் சொன்னார். கீழ்வேளூருக்குப் போனோம்.

பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கடை. வாசலில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டர். உள்ளே நாற்று நடும் இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டு, ஒரு விவசாயிக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார் மாரியம்மாள். ஐம்பதை ஒட்டிய வயது, எண்ணெய்க் கறை படிந்த விரல்கள். விவசாயியை அனுப்பிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். டீ சொன்னார். மேடம் ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எல்லாரும் ஒரு ஊருக்கு ஆசைப்பட்டிருக்காங்க. எனக்காக அதை மாத்துனா, அங்க வந்து நான் யாரு மூஞ்சியைப் பாக்குறது? இரக்கப்பட்டுக் குடுக்குறது எதுவும் எனக்கு வேணாம்."

மேடம் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். வேறொருவராக இருந்தால், உங்களுக்காக மாற்றவில்லை என்று சமாதானம் சொல்லியிருப்பார். மேடம் அப்படிச் சொல்லவில்லை.

"உங்களுக்காகத்தான் மாத்துனேன். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இரக்கப்பட்டு மாத்தல. பிராக்ல ஒரு நாள் பூரா சக்கர நாற்காலில உக்காந்து பாத்தேன். சாப்பிடப் போனா எனக்கு என்ன வேணும்னு இவரைக் கேக்குறாங்க. எதிர்லயே இருக்கேன், எனக்கு வாயே இல்லாத மாதிரி. எனக்குக் கோவம் வந்துச்சும்மா. ஒரு நாளைக்கே எனக்கு அப்படி."

மாரியம்மாள் சிரித்துவிட்டார்.

"இங்கயும் அதான். என் கடைக்கு வந்துட்டு, கடைக்காரர் இல்லையான்னு என்கிட்டயே கேக்குறாங்க."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் டீ கிளாஸோடு வெளியே வந்து நின்றுகொண்டேன். கிளம்பும்போது மாரியம்மாள் இரண்டு நிபந்தனை சொன்னார். தனக்கென்று தனி உதவியாள் போடக்கூடாது. தனக்காகத்தான் இந்த ஊர் என்று யாரும் மைக்கில் சொல்லக்கூடாது. மேடம் "சரி" என்றார். சட்டென்று முடிந்த சரி. அன்று சாயங்காலமே சந்திரமோகனுக்குப் போன் செய்து வியன்னாவே வையுங்கள், வருகிறேன் என்று சொன்னவர் மாரியம்மாள்தான். முதலிடத்து டீலர் சொன்ன பிறகு அவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

விசா வேலை வழக்கம்போல் உயிரை வாங்கியது. அதை விரிக்கவில்லை, இந்த மலரைப் படிக்கிறவர்கள் எல்லோரும் பட்டதுதான். ஒன்று மட்டும். சென்னையில் விரல்ரேகை எடுத்தபோது மாரியம்மாளின் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. இரும்பிலும் எண்ணெயிலும் தேய்ந்த விரல்கள். கையைக் கழுவி, களிம்பு தடவி, திரும்பத் திரும்ப வைத்து, கடைசியில் விழுந்தது. அவர் அலட்டிக்கொள்ளாமல் நின்றார். எனக்குத்தான் வியர்த்துவிட்டது.

வியன்னாவில் முதல் நாள் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. நன்னிலத்து டீலர் வைத்தியலிங்கம் வெளிப்படையாகவே பிராக் படங்களைக் காட்டி அங்கலாய்த்தார். அவருக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் டிராமில் ஏறி இறங்குவதே அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். பிராகைப் பற்றி அதன்பின் அவர் பேசிக் கேட்கவில்லை.

மாநாட்டு நாளுக்கு முன்தினமே மேடம் கூடத்துக்குப் போய், மேடையின் பின்புறம் வைத்திருந்த சாய்தளத்தை முன்பக்கம் வைக்கச் செய்திருந்தார், ஒரு பக்கம் கைப்பிடியோடு. முதலிடம் என்று பெயர் வாசித்தார்கள். மாரியம்மாள் கனகாம்பர நிறப் பட்டுப் புடவையில், ஊன்றுகோலோடு எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் கையைப் பிடிக்க எழுந்தார்கள். அவர் தலையசைத்து உட்கார வைத்தார். அவர் நடையில் அவர் போனார். யாரும் அவசரப்படவில்லை. கைதட்டல் அவர் மேடையை அடைந்த பிறகுதான் வந்தது, அடைந்த பிறகு நிற்கவில்லை.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எங்க அம்மா கூலிக்கு நாத்து நட்டாங்க. குனிஞ்ச முதுகு கடைசி வரைக்கும் நிமிரல. நான் நடவு மெஷின் விக்கிறேன். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

மேடம் கூடத்தின் கடைசியில், கதவோரம் நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மதியம் எல்லோருக்கும் ஓய்வு. கடைகளுக்குப் போகிறவர்கள் போனார்கள். நான் ஹோட்டல் வரவேற்பறையில் இருந்து, திரும்பி வருகிறவர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கியபோது மாரியம்மாள் மட்டும் வரவில்லை. அறையில் இல்லை. போன் எடுக்கவில்லை. யாரோடும் போகவில்லை என்று தெரிந்தது. மேடத்திடம் ஓடினேன். அவரும் கீழே இறங்கி வந்தார். போலீசுக்குச் சொல்வதா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது. மாரியம்மாள் ஊன்றுகோலை ஊன்றி உள்ளே வந்தார், தோளில் ஒரு பையோடு, எங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியாமல்.

எங்கே போனீர்கள் என்று கேட்டேன். டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு வந்ததாகச் சொன்னார். போனில் சார்ஜ் இல்லையாம். அங்கே திராட்சைத் தோட்டம் இருக்கிறது, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பிறகு எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வந்துவிட்டேன் என்றார்.

தனியாகவா என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருக்க வேண்டும். அவர் பதிலை மேடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தனியாத்தான்க்கா. சின்னப் பிள்ளையிலேருந்து பஸ்ஸுன்னா யாராவது ஒருத்தர் கையைக் குடுத்துத் தூக்கிவிடணும். இன்னைக்கு யாரையும் கேக்கல. நானா ஏறுனேன், நானா இறங்குனேன். அதான் திரும்பி வர மனசு வரல."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. எந்த எண் வண்டி என்று கேட்டார். மாரியம்மாள் சொன்னார்.

மறுநாள் காலை, விமான நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முன் சில மணி நேரம் இருந்தது. பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மேடம் ஷூவைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார், கூடவே மாரியம்மாள். எதையாவது சரிபார்க்கப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன்.

"நீங்க இருங்க மதி. நாங்க சும்மா ஊர் பாக்கப் போறோம்" என்றார் மேடம்.

எத்தனையோ ஊர்களுக்கு அவரோடு போயிருக்கிறேன். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான். இருவரும் தெருவைக் கடந்து நிறுத்தத்தில் போய் நின்றார்கள். வண்டி வந்தது. மாரியம்மாள் முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்து மேடத்துக்கு இடம் பிடித்துக்கொண்டார்.